வெள்ளைப் பூ வந்த முழங்கால்

தை 8, செவ்வாய்

இன்று ஊசி போட்டாயிற்று. வலது முழங்காலில், சில்லுக்குப் பக்கவாட்டில். போடும்போது டாக்டர் எனக்கும் முட்டிக்கும் நடுவில் ஒரு துணியை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் காளியாத்தா பண்டிகையில் அக்கினிச் சட்டி எடுத்தவள், ஊசிக்கெல்லாம் பயப்பட மாட்டேன் என்றேன். பயத்துக்காக இல்லையாம். ஊசிக்குள் இருப்பது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்று எனக்குத் தெரியக் கூடாதாம். அவருக்கும் தெரியாதாம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை படித்த மனுசன், தன் கையில் இருப்பது என்னவென்று தனக்கே தெரியாமல் குத்துகிறார்.

ஐம்பது வயசுக்கு மேல், முட்டி தேய்ந்துபோய், நடக்க நோவெடுக்கிறவர்களாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு எடுக்கும். ஆராய்ச்சி முழுக்க முடிகிற வரை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டார்கள். எட்டு வாரம் கழித்தும் எனக்கு நோவு குறையவில்லை என்றால், படம் எடுத்துப் பார்த்து, மூட்டு மாற்றுகிற ஆபரேசனுக்கு அங்கேயே எழுதித் தருவார்கள். குறைந்துவிட்டால் அது தேவையில்லை.

இதையெல்லாம் விசாரித்து என்னைச் சேர்த்துவிட்டது என் அண்ணன் மகள் கோகிலவாணி. என் வீட்டுக்காரர் காலமான பிறகு, ஐந்து வருசமாக அவள் வீட்டில்தான் இருக்கிறேன். வடவள்ளியில் மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. காற்று நன்றாக வரும்.

ஜெசிந்தா என்று ஒரு பெண்தான் இனி செவ்வாய்க்கிழமை தோறும் போன் செய்து நோவு எத்தனை என்று கேட்பாள். பூஜ்ஜியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. இன்றைக்கு எத்தனை என்றாள். காலையில் எந்திரிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், படியிறங்கும்போது வேறு மாதிரி, அரிசி களைய நின்றால் குதிகால் வரைக்கும் இழுக்கும் என்று ஆரம்பித்தேன். நம்பர் மட்டும் சொல்லுங்கம்மா என்றாள். எட்டு என்றேன். எழுதிக்கொண்டாள். மீதியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதனால்தான் கோகிலத்தின் வீட்டுக்காரர், மாப்பிள்ளைக்கு சிமெண்ட் கம்பெனியில் கொடுத்த இந்த டைரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தை 11, வெள்ளி

நோவு குறைந்திருக்கிறது. நிசமாகவே குறைந்திருக்கிறது. காலையில் சுவரைப் பிடிக்காமல் குளிக்கப் போனேன்.

ஆனாலும் மருந்தா தண்ணீரா என்று தெரியாமல் இருப்பது பல் இடுக்கில் பாக்குச் சிக்கின மாதிரி இருந்தது. டாக்டருக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் சொல்லாது. சொல்லக்கூடியவள் ஒருத்தி இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருக்கிறாளே என்று, மெதுவாக இறங்கி மாகாளியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும், கிணறு வெட்டுவதானாலும், பூக் கேட்காமல் கை வைக்க மாட்டோம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து நூல் சுற்றி, பூசாரி அவள் காலடியில் குலுக்கிப் போட்டார். வெள்ளை வந்தால் மருந்து, சிவப்பு வந்தால் உப்புத் தண்ணீர் என்று வாய்விட்டே சொன்னேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று பூசாரி சிரித்தார். கும்பிட வந்திருந்த புதுப்பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்.

வெள்ளை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரும் வழியிலேயே பூக்காரியிடம் சொன்னேன், இஸ்திரிக்காரரிடம் சொன்னேன், கீழ்வீட்டு அம்மாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். வீட்டுக்கு வந்து நம்பியூரில் இருக்கும் அண்ணனுக்கும் அவர் சம்சாரம் நங்கைக்கும் போன் போட்டுச் சொன்னேன். கோகிலத்திடம் சொன்னபோது அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பூவோ புண்ணாக்கோ, கால் சரியானால் போதும் என்றாள். அவள் படித்தவள், அப்படித்தான் பேசுவாள்.

தை 15, செவ்வாய்

ஜெசிந்தா கூப்பிட்டாள். மூன்று என்றேன். சூப்பர்மா என்று கத்தினாள். அந்தப் பெண்ணுக்குத்தான் எத்தனை சந்தோசம். பெற்ற பிள்ளை பரிட்சையில் பாஸான மாதிரி.

கோகிலம் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

தை 19, சனி

கடைக்குப் போய்க் கீரை வாங்கி வந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருக்கும் சன்னல் வழியாகப் பார்த்தால் மருதமலை எவ்வளவு அழகாகத் தெரிகிறது. ஐந்து வருசமாக ஏறி இறங்குகிறேன், இதைக் கவனித்ததே இல்லை. முருகனைப் பார்த்து உட்கார்ந்ததில் கீரை வாடிவிட்டது.

தை 22, செவ்வாய்

இரண்டு என்று சொன்னேன்.

வாய்க்கு முதலில் வந்தது வேறு நம்பர். ஆனால் யோசித்துப் பார்த்தேன். பனிக்காலம், எல்லோருக்கும்தான் மூட்டு இழுக்கிறது. அம்மன் வெள்ளை கொடுத்திருக்கிறாள். பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இதில் உப்பில்லை என்று சொல்லுவோமா? ஒருவேளை, நோவு போய்விட்டது என்று நான் சொல்லச் சொல்லத்தான் போகுமோ என்னமோ.

சாயங்காலம் பொழுதோடு கோகிலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே ஏதோ விசயம் இருக்கிறது என்று அர்த்தம். பழைய கம்பெனியில் மறுபடி கூப்பிடுகிறார்களாம். மகிழினி பிறந்து ஒன்றரை வருசம் வீட்டில் இருந்தாயிற்று, இதற்கு மேல் விட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். குழந்தைக்கு ஒரு காப்பகத்தில் சொல்லி வைத்திருந்தாளாம். அங்கே எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு குழந்தைக்குச் சளி.

"நீங்க முடியாதுன்னா சொல்லிருங்க அத்தை. நான் வேற பாத்துக்கறேன்" என்றாள்.

எனக்கென்ன அம்மிணி, கால்தான் சரியாயிருச்சே என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணத்தன்று காலில் விழுந்ததற்குப் பிறகு இப்போதுதான்.

மாசி 1, வியாழன்

அண்ணன் போனில் பேசினார். கால் சரியானது அம்மன் புண்ணியம் என்றார். "இல்லைன்னா அந்தப் புள்ளைக்கு நீயும் ஒரு சொமை பாரு" என்றார். அவர் எப்போதும் நல்லதுக்குத்தான் சொல்லுவார்.

நம்பியூர் வீட்டில் நான் முன்பு இருந்த அறையில் நங்கை அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறாள். எலி வராத அறை அது ஒன்றுதான்.

மாசி 5, திங்கள்

கோகிலம் இன்று வேலைக்குப் போனாள். ஒரு கஷ்டமும் இல்லை. மகிக்கு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், தூங்க வைத்தேன். இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்காமல் ஒரே இடத்தில் நின்றபடியே ஆட்டினால் அவளுக்குப் பிடிக்கிறது. பால்காரரைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் மேலே வந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வயசில் அவருக்கும் நாலு படி ஏறினால் நல்லதுதான்.

மாசி 6, செவ்வாய்

நாலாவது வாரம் என்பதால் ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை அரை நாள் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ஆட்டோவில் போனேன்.

அங்கே ஆறுச்சாமி என்று ஒருத்தர். முன்பு மில்லில் வேலை பார்த்தவர். அவருக்கும் என்னைப் போலவே வலது முட்டி. உள்ளே அவர் ஜெசிந்தாவிடம் எட்டு, எட்டு, எத்தன தரம் கேட்டாலும் எட்டுதான் என்று சொல்வது வெளியே வரைக்கும் கேட்டது. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, ஊசியும் போட்டுவிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது.

என் முறை வந்ததும் டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். நோவுகிறதா என்றார். இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் மடக்கினார். மாகாளி மாகாளி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் முட்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். மின்விசிறி ஓடியும் எனக்கு வேர்த்துவிட்டது. ஜெசிந்தாவிடம் இரண்டு என்றேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறுச்சாமி நான் வந்த நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க்கா, உங்க ரெண்டு என்னங்க, என்ற எட்டாட்டமே நொண்டுது?" என்றார்.

வெள்ளைப் பூ வந்த கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அம்மன் சொன்னது அம்மனோட இருக்கட்டுமுங்க. நீங்க ரெண்டு, ரெண்டுன்னு சொன்னா இவுங்க நம்பிருவாங்க. நாளைக்கு இதையே ஊர்ல இருக்கற முட்டிக்கெல்லாம் குத்தி உடுவாங்க. அத்தன பேர் நோவும் உங்க கணக்குலதான் வந்து சேரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி நம்பிக்கை இல்லாதவர்களிடம் பேசக் கூடாது என்று எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனேன். நெற்றி நிறைய விபூதி மட்டும் பூசியிருக்கிறார். எழுந்து போகிறபோது நொண்டாமல் நடக்கப் பார்த்தேன்.

மாசி 10, சனி

கோகிலத்துக்கு லீவு. கோயிலுக்குப் போனேன். போகவும் வரவும் முன்பைவிட அதிக நேரமானது. வெயில்.

இன்னொரு தரம் பூக் கேட்க வேண்டும் என்றேன். அதே கேள்வியா என்றார் பூசாரி. ஆமாம் என்றேன். கேட்டதை மறுபடி கேட்கக் கூடாது, ஆத்தாளை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். நானே பத்துப் பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். வெள்ளை என்றால் வெள்ளைதான்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, கால் நன்றாக இருக்கிறது தாயே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசி 14, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே நின்றபடி கும்பிட்டேன்.

மாசி 20, செவ்வாய்

இரண்டு.

மகி ஓடப் பழகிவிட்டாள். நடக்காமலே ஓடுகிறாள். கதவு திறந்திருந்தால் நேராகப் படிக்கட்டுக்குத்தான். அதனால் கோகிலம் கிளம்பியதும் கிரில் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை உயரத்தில், காலண்டர் ஆணியில் மாட்டிவிடுகிறேன். பூட்டிவிட்டால் பயமில்லை. யாராவது வந்தால் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தே பழமை பேசி அனுப்பிவிடுகிறேன். கீழ்வீட்டு அம்மா, என்னுங்க்கா ஜெயில்ல இருக்கறாப்பல நிக்கறீங்க என்று கேலி செய்தாள். இருவரும் சிரித்தோம்.

நான் தெருவில் இறங்கிப் பத்து நாள் ஆகிறது.

மாசி 27, செவ்வாய்

இன்று ஒரு சின்னக் கூத்து.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, மகியின் மரக்கட்டைகள் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டன என்று எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். வழக்கமாகத் தரையில் உட்கார மாட்டேன். அவள் அழுதாள், அதனால் உட்கார்ந்தேன். கட்டைகளை எடுத்தாயிற்று. எந்திரிக்க முடியவில்லை. வலது முட்டியை மடக்கினால் உள்ளே ஏதோ பூட்டிக்கொண்ட மாதிரி. இடது காலை ஊன்றினேன், வழுக்கியது. கட்டில் விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் ஓய்வெடுத்து முயற்சி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு மறுபடி. பிறகு மறுபடி.

போன் அலமாரி மேல் இருந்தது. செவ்வாய்க்கிழமை அல்லவா, அது அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஜெசிந்தாவாகத்தான் இருக்கும். மகி போனைப் பார்த்துக் கைகாட்டி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமே. பேசினேன். பேசுவதில்தான் எனக்குக் குறையே இல்லையே. யானைக் கதை சொன்னேன், காக்காய்க் கதை சொன்னேன், காளியாத்தா அசுரனைக் கொன்ற கதையை அடிக்குரலில் சொன்னேன். கும்மி தட்டினேன். அவளும் தட்டினாள். தொண்டை வறண்டு போனது. தண்ணீர் மேசை மேல் இருந்தது. ஒருமுறை கதை பிடிக்காமல் எழுந்து குளியலறைப் பக்கம் ஓடினாள். கூப்பிட்டேன். வந்துவிட்டாள். அவ்வளவுதான்.

பொழுதோடு கோகிலம் வந்து கிரில் கதவைத் தட்டினாள். அவளுக்கு என் தலை தெரிகிறது, எனக்கு அவள் செருப்புத் தெரிகிறது.

"அத்தை, சாவியக் குடுங்க."

கால் மரத்துப்போயிருச்சு அம்மிணி, இதோ வர்றேன் என்றேன். அவள் நின்றாள். நான் பின்பக்கத்தாலேயே சாண் சாணாக நகர்ந்து நகர்ந்து சுவருக்கு வந்து, ஒட்டடைக் குச்சியை எட்டிப் பிடித்து, ஆணியில் இருந்த சாவியைத் தட்டிவிட்டேன். விழுந்த சாவியை மகி எடுத்துக்கொண்டாள். அம்மாகிட்டக் குடு சாமி என்றேன். அவள் கம்பிக்குப் பக்கத்தில் போய், சாவியைக் காட்டி, கொடுக்காமல் ஓடி வந்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். அம்மா கையை நீட்ட, இவள் சிரித்துக்கொண்டு ஓட, நான் தரையில் இருந்து கெஞ்ச. பிறகு அவளாகவே சலித்துப்போய்ச் சாவியைக் கம்பிக்கு வெளியே போட்டாள்.

கோகிலம் உள்ளே வந்து, பையைக்கூட வைக்காமல் என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். ரொம்ப நேரமா இப்படியே இருந்தீங்களா என்றாள். இல்லை, இப்போதுதான் என்றேன். குழந்தையின் கவுன் முன்பக்கம் ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டாள். தண்ணீர் குடிக்கும்போது சிந்தியிருக்கும் என்றேன்.

அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

மாசி 28, புதன்

இன்று முதல் வேலையாகக் குளியலறைப் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தேன். நாள் முழுக்க அடிக்கடி போய்ப் பார்த்தேன், கவிழ்த்துத்தான் இருக்கிறதா என்று.

பங்குனி 2, ஞாயிறு

கோகிலம் இப்போதெல்லாம் என் நடையைப் பார்க்கிறாள். அவள் பார்க்கிறபோது நான் நடப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை கடைசி விசிட். தானும் வருகிறேன் என்கிறாள். வேண்டாம் அம்மிணி, லீவு எதற்கு வீணாக என்றேன். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

பங்குனி 4, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மாப்பிள்ளை குழந்தையோடு வீட்டில். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், ஜெசிந்தா இருந்தாள், என் பக்கத்து நாற்காலியில் கோகிலம். போன வாரம் போன் எடுக்கவில்லையே என்று ஜெசிந்தா கேட்டாள். வேலையாக இருந்தேன் என்றேன். பரவாயில்லை, இன்றைக்கு எத்தனை என்றாள்.

வாய் இரண்டுக்குத்தான் பழகியிருந்தது. காலையில் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு என்றே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் அவள் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபோது, எனக்குக் காதில் அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. தாயே, உன்னைப் பொய்யாக்குகிறேன், என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு, அந்தக் குழந்தையை விட்டுவிடு என்று மனசுக்குள் சொன்னேன்.

"எட்டு" என்றேன்.

எங்கேயாவது விழுந்துவிட்டீர்களா என்று ஜெசிந்தா கேட்டாள். இல்லை கண்ணு, ஊசி போட்டு ஒரு வாரம் நன்றாக இருந்தது, அதற்கப்புறம் எல்லா வாரமும் எட்டுதான் என்றேன். அவள் பேனா அப்படியே நின்றது. கோகிலம் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. டாக்டரைப் பார்த்தே பேசினேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

"அன்னைக்கு மத்தியானம் தரையில உக்காந்தவ எந்திரிக்க முடியலைங்க. பொழுதோட இவ வர்ற வரைக்கும் முடியல. குழந்தை பாத்ரூமுக்குள்ள போயிருச்சுங்க. பக்கெட்டு நெறையத் தண்ணி. கைய உட்டு அளையற சத்தம் கேட்டுது. அப்பறம் சத்தத்தக் காணம். நான் இங்கிருந்து கத்தறேன், என்ற காலு வரமாட்டீங்குது. காளியாத்தா பேரச் சொல்லிக் கும்மி தட்டினேன். எத்தன தரம் தட்டுனன்னு தெரியாதுங்க. நனைஞ்சு போயி வந்து நின்னுச்சு."

கோகிலம் எழுந்து வெளியே போய்விட்டாள்.

இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். பூக் கேட்டதைச் சொன்னேன். வெள்ளை வந்ததைச் சொன்னேன். அம்மன் மருந்து என்று சொன்ன பிறகு நான் நோவுகிறது என்றால் அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மன் மருந்துன்னே சொல்லியிருக்கட்டும்மா. அந்த மருந்து கேக்குமா, கேக்காதான்னு எங்களுக்கே தெரியலையே. தெரிஞ்சிருந்தா இத்தன பேரக் கூட்டி வச்சுக் கேட்டுட்டு இருப்போமா?"

எனக்கு அது உள்ளே போய் உட்கார ரொம்ப நேரம் ஆனது. நான் கேட்டது மருந்தா தண்ணீரா என்று மட்டும்தான். என் முட்டி சரியாகுமா என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை. கேட்டதற்கு அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். மற்றதையெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நான் சொன்ன பழைய இரண்டுகளை அழித்துவிடச் சொன்னேன். அழிக்க முடியாதாம். அன்றைக்குச் சொன்னது சொன்னதுதானாம். பிற்பாடு இப்படிச் சொன்னார் என்று பக்கத்தில் எழுதி வைப்பார்களாம், அவ்வளவுதான். ஆறுச்சாமி சொன்னது நினைவுக்கு வந்தது. என் கணக்கில் எத்தனை முட்டியோ. ஜெசிந்தா எழுதும்போது என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. மன்னிச்சிரு கண்ணு என்றேன். நீங்க என்னை சந்தோசப்படுத்தறதுக்குச் சொல்ல வேண்டாம்மா, நான் கேக்கறது முட்டியைத்தான் என்றாள்.

படம் எடுத்தார்கள். எலும்போடு எலும்பு உரசுகிறது. ஆபரேசனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, மாசக்கணக்கில் ஆகலாமாம். ஆபரேசனின்போது கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார் டாக்டர். நான் தரையைப் பார்த்தேன். எப்போது உள்ளே வந்தாளோ தெரியவில்லை, கதவுக்குப் பக்கத்தில் இருந்து கோகிலம் குரல் கேட்டது.

"நாந்தான். எழுதிக்கங்க. வேற யாரு இருக்கா."



பங்குனி 5, புதன்

குழந்தை தூங்கிய பிறகு கோகிலம் என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. திட்டினாள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. வேலை, காப்பகம், பக்கெட் எல்லாம் சொன்னாள். அவள் சொன்னது எல்லாமே நியாயம்தான், நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னாள்:

"அம்மன்கிட்டப் போயிக் கேட்டீங்க. நோவுதுன்னு சொன்னா என்னைய அனுப்பிச்சிருவியான்னு எங்கிட்டக் கேட்டீங்களா?"

நான் அப்படி நினைக்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய்யாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். கேட்டேன், கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப அம்மிணி?

அவள் பொய் சொல்லவில்லை. "தெரியல அத்தை. எரிச்சல் வந்திருக்கும். ஆனா பக்கெட்டக் கவுத்து வச்சுட்டாவது போயிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். எந்திரிக்க நேரமாகும் என்பதால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே கையை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வந்தாள்.

பங்குனி 7, வெள்ளி

மகியைக் காப்பகத்தில் சேர்த்தாயிற்று. காலையில் அழுதுகொண்டே போனாள்.

அண்ணன் நேற்று ராத்திரி போன் செய்திருந்தார். ஆபரேசனுக்குக் கூப்பிடுகிற வரைக்கும் என்னை நம்பியூருக்குக் கூட்டிப் போகிறேன் என்றாராம். அத்தையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கோகிலம் வைத்துவிட்டாள். இன்று வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"போறீங்களா, இருக்கீங்களா?"

"இருக்கறேன்" என்றேன்.

சரி, மத்தியானம் தயிர் இருக்கிறது, தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டு, நின்று சிரிக்கக்கூட நேரமில்லாமல் இறங்கிப் போனாள். அவள் மூன்று மாடியும் இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

நான் இறங்க முடியாது. ஆபரேசன் ஆகிற வரை இந்த மூன்றாவது மாடிதான். வீட்டில் குழந்தைகூட இல்லை, பேச ஆளில்லை. கிரில் கதவு பூட்டாமல் கிடக்கிறது. பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

குளித்துவிட்டு விளக்கேற்றினேன். வெள்ளிக்கிழமை என்பதால் கோகிலம் நேற்றே பூ வாங்கி வைத்திருந்தாள். படத்துக்கு வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மன் முகத்தையே பார்த்தபடி நின்றேன். கால் நன்றாக இருக்கிறது தாயே என்று இவளிடமும் எத்தனை நாள் சொல்லியிருக்கிறேன். இவளிடமும் இரண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

இன்று பூக் கேட்கவில்லை. வரம் கேட்கவில்லை.

"நோவுது ஆத்தா" என்றேன். "ரொம்ப நோவுது."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, காலையில் எந்திரிக்கும்போது எப்படி இருக்கும், படியிறங்கும்போது எப்படி இருக்கும் என்று ஆரம்பத்தில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.